ரேடியோ, டிவி தயாரிப்பாளர் வீட்டுல விட்டுட்டுப் போன ஸ்கிரிப்ட் கட்டுகளைக் காப்பாத்துறது எப்படி: முழுமையான வழிகாட்டி

எங்க பெரியப்பா 1961ல இருந்து 1979 வரைக்கும் ரேடியோவுல இருந்தாரு, அதுக்கப்புறம் 1994ல ரிட்டயர் ஆகுற வரைக்கும் டிவில தயாரிப்பாளர். அவர் காலமானப்புறம் வீட்டை இடிச்சுக் கட்டலாம்னு பரணைக் காலி பண்ணப்ப ரெண்டு தகர ட்ரங்க் பெட்டி, ஒரு மரப்பெட்டி, நாலு அட்டைப்பெட்டி நிறைய காகிதக் கட்டு இறங்குச்சு. எடைக்குப் போட்டுடலாம்னு வீட்டுல ஒரு பேச்சு வந்தது. பெரியம்மா தான் நிறுத்தினாங்க. "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து எழுதினது, நான் தான் காபி போட்டுக் குடுத்துக்கிட்டே இருந்தேன், எனக்குத் தெரியாம ஒரு தாள் வெளில போகக்கூடாது"ன்னாங்க.

அந்த ஏழு பெட்டியில கிட்டத்தட்ட 6000 பக்கம் இருந்தது, ஒழுங்குபடுத்தி ஸ்கேன் பண்ணி முடிக்க எனக்கு மூணு வருஷம் ஆச்சு, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா உக்காந்து பண்ணினது. உங்க வீட்டுலயும் அப்பாவோ மாமாவோ அத்தையோ ரேடியோவுலயோ டிவிலயோ இருந்து இப்படி ஒரு பெட்டி கிடந்தா, எதை முதல்ல செய்யணும் எதைத் தொடவே கூடாதுன்னு நான் பண்ணின தப்பையும் சேர்த்து இங்க எழுதுறேன்.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்னு கேட்டா, பல நிகழ்ச்சிகளுக்கு இந்தக் காகிதம் மட்டும் தான் மிச்சம். அந்தக் காலத்துல ஒலிநாடா விலை அதிகம், கையிருப்பு கம்மி, அதனால ஒரு நிகழ்ச்சி போய் முடிஞ்சதும் அதே டேப்பை அழிச்சு அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு பண்ணுவாங்க. இது நம்ம ஊர்ல மட்டும் இல்ல, உலகம் பூரா நடந்தது, பிபிசியே 60கள்லயும் 70கள்லயும் எத்தனையோ டிவி நிகழ்ச்சிகளை அப்படி அழிச்சிருக்கு. சென்னை வானொலி 1938ல வந்துச்சு, திருச்சி 1939ல, திருநெல்வேலி 1963ல, சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15ல. தினம் காலைல இருந்து ராத்திரி வரைக்கும் எத்தனை நாடகம், எத்தனை பேச்சு, எத்தனை உரைச்சித்திரம் (பேச்சும் ஒலியும் கலந்து ஒரு விஷயத்தைச் சொல்ற நிகழ்ச்சி), எத்தனை பேட்டி போயிருக்கும்னு கணக்குப் போட்டுப் பாருங்க, அதுல குரலா கையில இருக்கிறது ரொம்பச் சொற்பம். குரல் போயிடுச்சு, ஆனா அந்தக் குரலுக்காக எழுதின தாள் யாரோ ஒருத்தர் பரண்ல கிடக்கு.

முதல் வாரம்: எதையும் பிரிக்காதீங்க

நான் பண்ணின பெரிய தப்பு இதுல தான். முதல் ஞாயித்துக்கிழமை ஆர்வத்துல 11 கட்டைப் பிரிச்சு ரப்பர் பேண்டை எல்லாம் வெட்டி எறிஞ்சுட்டு தேதி வாரியா அடுக்கினேன், பாக்கறதுக்கு அழகா தான் இருந்தது. ரெண்டு மாசம் கழிச்சு பிரிக்காத கட்டு ஒண்ணைத் திறந்தா, 1983ல எடுத்த ஒரு டிவி நாடக ஸ்கிரிப்டுக்கு அடியில 1971ல எழுதின ஒரு ரேடியோ நாடகம் இருந்தது. முதல்ல ஏதோ தவறிப் போய்ச் சேர்ந்துடுச்சுன்னு நினைச்சேன். படிச்சுப் பாத்தா ரெண்டும் ஒரே கதை. ரேடியோவுக்கு எழுதினதை எடுத்து வெச்சுக்கிட்டு டிவிக்கு மாத்தி எழுதியிருக்காரு.

அந்த ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தது எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது. ரேடியோ ஸ்கிரிப்டுல மாமனார் உள்ள வர்றப்ப மருமக, "என்ன மாமா, நல்ல வெயில்ல குடையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வர்றீங்க, விரிச்சுப் பிடிக்கக் கூடாதா?"ன்னு கேக்குறா. கேக்குறவங்களுக்குக் குடை தெரியாதே, அதனால அவ வாயால சொல்ல வெச்சிருக்காரு. 1971 தாளோட ஓரத்துலயே அந்த வரிய சிவப்புப் பென்சில்ல அடிச்சு, பக்கத்துல "கேமரா பாத்துக்கும்"னு ரெண்டே வார்த்தை எழுதியிருக்காரு. 1983 டிவி ஸ்கிரிப்டுல அந்த இடத்துல மருமக பேசவே இல்ல, இடது பக்கம் காட்சிக்கான பத்தியில "மாமனார், கக்கத்தில் குடை, நெற்றியில் வியர்வை. மருமகள் பார்க்கிறாள்"னு மட்டும் இருக்கு. ரேடியோல இருந்த ஒரு மனுஷன் டிவிக்கு எழுதக் கத்துக்கிட்டது அந்த ஒரு கோட்டுல இருக்கு. தேதி வாரியா நான் அடுக்கியிருந்தா 1971 ஒரு பெட்டிலயும் 1983 இன்னொரு பெட்டிலயும் போயிருக்கும், யாருக்குமே அது தெரிஞ்சிருக்காது. நான் கலைச்ச 11 கட்டுல இந்த மாதிரி என்னென்ன ஜோடி இருந்துச்சோ, அதைத் திரும்பக் கொண்டு வர வழியே இல்ல. இன்னிக்கும் அது மனசை உறுத்துது.

அதனால அவர் வெச்சிருந்த வரிசை தான் வரிசை. பெட்டியைத் திறந்ததும் மேல இருந்து ஒரு போட்டோ எடுங்க, ஒவ்வொரு கட்டையும் எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, எடுத்தப்புறம் கட்டோட முதல் தாளுக்கு ஒரு போட்டோ. பெட்டிக்கு ஒரு நம்பர், கட்டுக்கு ஒரு நம்பர். நம்பரை ஸ்கிரிப்ட் மேல எழுதாதீங்க, நீளமா ஒரு வெள்ளைத் தாள் துண்டு வெட்டி அதுல மெல்லிசா பென்சில்ல எழுதிக் கட்டுக்குள்ள சொருகுங்க. பேனா வேண்டாம், ஸ்கெட்ச் பேனா வேண்டவே வேண்டாம், ஈரம் பட்டா ஊறி அடுத்த தாளுக்கும் போயிடும். தேதி வாரியா, தலைப்பு வாரியா அடுக்கணும்ங்கிற ஆசையெல்லாம் கம்ப்யூட்டர்ல தீத்துக்கலாம், பட்டியல்ல ஒரு க்ளிக்ல எப்படி வேணா அடுக்கிப் பாக்கலாம், காகிதம் மட்டும் அவர் வெச்ச மாதிரியே இருக்கட்டும்.

பூச்சி, பூஞ்சை, துரு

பெட்டியைத் திறந்ததும் மூக்குல ஏறுற அந்த மக்கின வாசனை பூஞ்சையா இருக்கலாம், அதனால மாஸ்க் போட்டுக்கிட்டு வேலை பாருங்க, ஆஸ்துமா இருக்கிறவங்க கிட்டயே வர வேண்டாம். பூஞ்சை பிடிச்ச கட்டை மத்ததுல இருந்து உடனே தனியா எடுத்து, நிழல்ல, காத்தோட்டமா, ஃபேன் நேரா அடிக்காத இடத்துல ரெண்டு மூணு நாள் உலர விடணும். மொட்டை மாடியில வெயில்ல காய வைக்கிறது நம்ம வீட்டுல எல்லாரும் சொல்ற யோசனை, வத்தலுக்கு அது சரி, பழைய காகிதத்துக்கு ஆகாது, மை வெளுத்துடும், தாள் முறுகி அப்பளம் மாதிரி ஆயிடும். நல்லா உலர்ந்தப்புறம் மெல்லிசான பெயிண்ட் பிரஷ்ஷால உங்களை விட்டு வெளிப்பக்கமா தட்டி விடுங்க. ஈரமா இருக்கிறப்ப துடைச்சா பூஞ்சை தாளுக்குள்ள தேச்ச மாதிரி ஆயிடும்.

ராமபாணப் பூச்சியும் கரையானும் தான் நம்ம ஊர் எதிரி. கரையான் மண் இருந்தா பெட்டியை முதல்ல வீட்டை விட்டு வெளிய எடுத்துட்டு தான் மத்த பேச்சு. ராமபாணம், சின்ன வண்டு, அதோட முட்டை இதுக்கெல்லாம் மருந்து அடிக்காம ஒரு வழி இருக்கு: கட்டு நல்லா உலர்ந்திருக்கணும், பாலிதீன் பையில போட்டு காத்தை அமுக்கி வெளியேத்திட்டு டேப் ஒட்டி, ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைங்க. வெளிய எடுத்ததும் பையைத் திறக்காம ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுடணும், உடனே திறந்தா பனி வேர்த்து தாள்ல தண்ணி இறங்கிடும். பெரியம்மா வீட்டு ஃப்ரீசர்ல இப்படி ரெண்டு ரெண்டு கட்டா வெச்சு எடுத்தோம், ஆறு மாசம் அவங்களுக்கு ஐஸ் கட்டி வைக்க இடமில்ல, ஒரு வார்த்தை சொல்லல. அந்துருண்டை வேண்டாம், அந்த நெடி நமக்கும் கெடுதல், காகிதத்துலயும் ஏறி இறங்காம நிக்கும். வசம்பு, வேப்பிலை போடுறது பழைய வழக்கம், போடுறதா இருந்தா துணியில முடிஞ்சு பெட்டி மூலையில வைங்க, தாள் மேல நேரா வெச்சா கறை ஏறும்.

அடுத்தது இரும்பு. 60கள், 70கள் ஸ்கிரிப்டுல குண்டூசியும் ஜெம் கிளிப்பும் ஸ்டேப்ளர் பின்னும் துருப்பிடிச்சுத் தாளோட ஒட்டிக்கிட்டு இருக்கும். வெடுக்குனு இழுத்தா மூலையோட கையில வரும். தாளைக் குப்புறப் போட்டு, ஊசிக்கும் தாளுக்கும் நடுவுல ஒரு பிளாஸ்டிக் ஷீட் துண்டை மெதுவா நுழைச்சு, தட்டையான கத்தி முனையால ஸ்டேப்ளர் பின்னோட காலை நிமித்தி, அப்புறம் மேல் பக்கமா எடுக்கணும். ஒரு பின்னுக்கு ரெண்டு நிமிஷம் ஆனாலும் ஆகட்டும். எடுத்தப்புறம் திரும்ப பின் அடிக்காதீங்க, ஒரு ஸ்கிரிப்டை ஒரு மடிச்ச தாளுக்குள்ள வெச்சா போதும், அமிலம் இல்லாத பேப்பர் கிடைச்சா அதுலயே உறை பண்ணுங்க, ஃப்ரேம் போடுற கடைகள்லயும் ஆர்ட் சாமான் கடைகள்லயும் கேட்டுப் பாக்கலாம். ரப்பர் பேண்டு உருகித் தார் மாதிரி ஒட்டியிருந்தா சுரண்டாதீங்க, விட்டுடுங்க.

கிழிஞ்ச இடத்துல செல்லோடேப் ஒட்டவே கூடாது, பத்து வருஷத்துல அது பழுப்பாகி உரிஞ்சு போகும், பசை மட்டும் தாள்ல நிக்கும். லேமினேஷன் அதைவிட மோசம். எங்க சொந்தத்துல ஒருத்தர் பாசத்துல நாலு பக்கத்தை எடுத்துட்டுப் போய் கடையில லேமினேட் பண்ணிக் கொண்டு வந்தாரு, அதுல ஒரு பக்கத்துல ஓரத்துல இருந்த மைக் குறிப்பு சூட்டுல பரவிடுச்சு, அதை இனிமே பிரிக்க முடியாது. கிழிஞ்சதை அப்படியே ஒரு உறைக்குள்ள வைங்க, அது போதும்.

தாளைப் படிக்கிறது எப்படி

ரேடியோ ஸ்கிரிப்ட் ஒரு கதை மாதிரி படிக்கிற விஷயம் இல்ல, அதுல பல பேர் கை இருக்கும். எங்க கட்டுகள்ல பெரியப்பா சிவப்புப் பென்சில், நாடகத்துல நடிச்சவங்க அவங்கவங்க பேனாவுல மூச்சு விடுற இடத்துக்குச் சின்னச் சின்னக் கோடு போட்டிருப்பாங்க. ஓரத்துல நிமிஷம், செகண்ட் எழுதியிருக்கும். ஒரு பேச்சு ஸ்கிரிப்டுல முதல் பக்க அடியில 2 நிமிஷம் 10 செகண்ட், ரெண்டாம் பக்கம் 4.25ன்னு போய், அஞ்சாம் பக்கத்துல ஒரு முழுப் பாராவை அடிச்சுட்டு "9.40"னு வட்டம் போட்டிருக்கு. பத்து நிமிஷ இடத்துல முன்னறிவிப்பு, பின்னறிவிப்புக்கு 20 செகண்ட் விட்டிருக்காருன்னு புரியும். வெட்டின பாராவுல தான் நல்ல விஷயம் இருக்கும்கிறது என் அனுபவம், நேரத்துக்காக வெட்டினது அது, மோசம்னு வெட்டினது இல்ல.

பின்பக்கத்தைக் கட்டாயம் பாருங்க. காகிதத் தட்டுப்பாட்டுல பழைய க்யூ ஷீட்டோட பின்பக்கத்துல எல்லாம் எழுதியிருக்காங்க. அந்த க்யூ ஷீட்டுல அன்னிக்கு என்னென்ன நிகழ்ச்சி எந்த நேரத்துல போச்சுங்கிற முழு விவரம் இருக்கலாம். ஸ்கிரிப்டைவிடப் பின்பக்கம் அரிய ஆவணமா இருக்கிறதும் உண்டு.

கார்பன் காப்பி, சைக்ளோஸ்டைல் காப்பி (மெழுகுத் தாள்ல டைப் அடிச்சு மை உருட்டி எடுக்குற பிரதி), டைப் அடிச்ச மூலப்பிரதி மூணும் ஒரே ஸ்கிரிப்டுக்கு இருந்தா, ஒண்ணு போதும்னு மத்ததைத் தூக்கிப் போடாதீங்க. சைக்ளோஸ்டைல் காப்பி நடிகர்களுக்குக் குடுத்தது, அதுல ஒரு நடிகர் பேர் எழுதியிருக்கும், அவரோட வசனத்தை மட்டும் அடிக்கோடு போட்டிருக்கும். யார் எந்தப் பாத்திரத்துல நடிச்சாங்கன்னு வேற எங்கயும் இருக்காது. 90கள்ல வந்த ஃபேக்ஸ் தாள் இருந்தா அதை எல்லாத்துக்கும் முன்னாடி ஸ்கேன் பண்ணுங்க, அந்த வழுவழு தாள்ல எழுத்து தானாவே மங்கி வெள்ளையாயிடும்.

தேதி இல்லாத ஸ்கிரிப்டுக்குத் தேதி கண்டுபிடிக்கிறது

பாதி ஸ்கிரிப்டுல தேதி இருக்கும், வருஷம் இருக்காது. தினம் வேலை பாக்குறவங்களுக்கு வருஷம் எழுதணும்னு தோணாது. இதுக்கு நான் கத்துக்கிட்ட வழி சிலது.

கிழமையும் தேதியும் இருந்தா பாதி வேலை முடிஞ்சது. ஒரு ஸ்கிரிப்டுல "ஞாயிறு, மார்ச் 12"னு மட்டும் இருந்தது. பெரியப்பா ரேடியோவுல இருந்த காலத்துல மார்ச் 12 ஞாயிறா வந்தது 1961, 1967, 1972, 1978 நாலு வருஷம் தான். அந்தத் தாளோட பின்னாடி ஒரு விலாசம், அதுல ஆறு இலக்க பின்கோடு. பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15ல, மார்ச் 1972ல அது இருக்க வாய்ப்பில்ல. அப்ப 1978 தான்.

"மதராஸ் ராஜ்யம்", "சென்னை மாநிலம்"னு இருந்தா 1969 ஜனவரி 14க்கு முன்னாடி, அன்னிக்கு தான் தமிழ்நாடுங்கிற பேர் சட்டப்படி வந்தது. ஒப்பந்தத் தாள்ல சன்மானத்தை நயாபைசான்னு போட்டிருந்தா 1957ல இருந்து 1964க்குள்ள. எழுத்தைப் பாருங்க, 1978ல எழுத்துச் சீர்திருத்தம் வர்றதுக்கு முன்னாடி லை, னை, ளை, ணை எல்லாம் தும்பிக்கை போட்டு எழுதுவாங்க, ணா, றா, னாவும் வேற வடிவம். அச்சுல சீர்திருத்த எழுத்து இருந்தா 1978க்கு முன்னாடியா இருக்க வாய்ப்பு கம்மி, பெரியாரோட பத்திரிகைகள்ல மட்டும் அது ரொம்ப முன்னாடியே வந்தாச்சு. ஆனா பழைய எழுத்து இருந்தா 1978க்கு முன்னாடின்னு முடிவு கட்டிடாதீங்க, கையால எழுதுறவங்க 90கள் வரைக்கும் பழக்கத்துல பழைய எழுத்தே எழுதினாங்க, பழைய டைப்ரைட்டரும் ஆபீஸ்கள்ல ரொம்ப நாள் ஓடுச்சு.

விஷயமே தேதி சொல்றதும் உண்டு. 60கள் நடுவுல வந்த ஏடிடி-27 நெல்லை தஞ்சாவூர் விவசாயிங்க "ரேடியோ நெல்"லுன்னே கூப்பிட்டாங்க, ஆடுதுறையில உருவாக்கின ரகம் அது, திருச்சி வானொலியோட விவசாய நிகழ்ச்சி மூலமா அவ்வளவு வேகமா பரவுச்சு. ரேடியோவுல ரெண்டு பேர் பேசினதைக் கேட்டு ஒரு டெல்டாவே விதையை மாத்தியிருக்கு. உங்க வீட்டுக் கட்டுல விவசாய உரையாடல் ஏதாவது இருந்தா அலட்சியமா ஒதுக்காதீங்க, நாடகத்தை எல்லாரும் தேடுவாங்க, இதைத் தேட ஆள் கம்மி, ஆனா அந்த மண்ணோட வரலாறு இதுல தான் இருக்கு. எந்த ரகம், என்ன உரம், என்ன பூச்சிமருந்துன்னு பேர் இருந்தாலே காலம் ஓரளவுக்குப் பிடிபடும்.

நீங்களா யூகிச்ச தேதியை யூகம்னு தெரியற மாதிரி பட்டியல்ல எழுதுங்க, எதை வெச்சு யூகிச்சீங்கன்னும் ஒரு வரி போடுங்க. ஸ்கிரிப்ட் மேல எழுதாதீங்க.

பட்டியல்

ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடியே பட்டியல் போட்டுடுங்க. நிறைய பேர் ஸ்கேனர் வாங்கிட்டு தான் ஆரம்பிக்கிறாங்க, முன்னூறு பக்கம் ஸ்கேன் பண்ணினதும் எது என்னன்னு தெரியாம கை சோர்ந்து விட்டுடுவாங்க. பட்டியல் மட்டும் முடிஞ்சாலே அது தனியா ஒரு பெரிய வேலை.

எக்ஸெல் போதும். பெட்டி நம்பர், கட்டு நம்பர், கட்டுல எத்தனாவது, தலைப்பு, என்ன வகை (நாடகம், உரை, உரைச்சித்திரம், பேட்டி, இசைச்சித்திரம், விவசாயம், குழந்தைகள் நிகழ்ச்சி), ரேடியோவா டிவியா, எழுதினவர், தயாரிச்சவர், குரல் குடுத்தவங்க, பதிவு தேதி, ஒலிபரப்பு தேதி, நேர அளவு, பக்கம் எத்தனை, கையெழுத்தா டைப்பா, என்ன நிலைமையில இருக்கு, கடைசியா குறிப்பு. பதிவு தேதியும் ஒலிபரப்பு தேதியும் வேற வேற, குழப்பிக்காதீங்க, மறுஒலிபரப்பு தேதி வேற தனியா ஓரத்துல எழுதியிருக்கும். பேர்களை ஸ்கிரிப்டுல இருக்கிற மாதிரியே எழுதுங்க, இனிஷியலையும் விடாதீங்க, "நீங்களா" திருத்தாதீங்க. தலைப்பு இல்லாத ஸ்கிரிப்டுக்கு முதல் வரியைத் தலைப்பா போட்டுக்கலாம்.

இந்த வேலையை ரெண்டு பேரா பண்ணினா பாதி நேரம் தான் ஆகும், ஒருத்தர் படிச்சுச் சொல்ல ஒருத்தர் டைப் அடிக்கணும். எங்க வீட்டுல பெரியம்மா படிச்சாங்க, நான் அடிச்சேன். அவர் கையெழுத்து எனக்குப் பல இடத்துல புரியாது, அவங்களுக்கு ஒரு எழுத்து கூடத் தவறாது.

ஸ்கேன்

தானா தாளை உள்ள இழுக்குற ஸ்கேனர்ல பழைய தாளைப் போடாதீங்க, ஒரு தாள் சிக்கினா போச்சு. கண்ணாடி மேல ஒவ்வொண்ணா வைக்கிற ஃப்ளாட்பெட் தான் சரி, ஆனா ஒரு விஷயம், பழைய ஸ்கிரிப்ட் எல்லாம் புல்ஸ்கேப், ஏ4 விட நீளம், சாதாரண ஸ்கேனர்ல அடிப்பக்கம் ரெண்டு வரி நிக்கும். வாங்குறதுக்கு முன்னாடி அளந்து பாத்து லீகல் அளவு பிடிக்கிறதா பாருங்க. கிடைக்கலைன்னா போன் ஸ்டாண்டு ஒண்ணு வாங்கி தாளுக்கு நேர் மேல போனை வெச்சு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெளிச்சம் விழுற மாதிரி ஜன்னல் ஓரமா எடுக்கலாம், தாள் மேல கண்ணாடித் துண்டு வெச்சா சுருக்கம் நிமிரும்.

எல்லாத்தையும் கலர்ல எடுங்க. கறுப்பு வெள்ளையில எடுத்தா சிவப்புப் பென்சிலும் நீலப் பேனாவும் ஒண்ணாயிடும், யார் வெட்டினது யார் எழுதினதுன்னு அடையாளமே போயிடும், அப்புறம் அந்த ஸ்கேனுக்கு என்ன அர்த்தம். டைப் அடிச்சதுக்கு 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளிங்கிற அளவு) போதும், மங்கின கார்பன் காப்பிக்கும் பென்சில் எழுத்துக்கும் 400. கார்பன் காப்பி மெல்லிசா இருந்து பின்னால இருக்கிற எழுத்து தெரிஞ்சா, தாளுக்குப் பின்னாடி ஒரு கறுப்பு அட்டையை வைங்க, தெளிவா வரும்.

மூலக் கோப்பு டிஃப் (TIFF, தரம் குறையாம படத்தைச் சேமிக்கிற வகை) வடிவத்துல இருக்கட்டும், படிக்கிறதுக்கும் அனுப்புறதுக்கும் அதுல இருந்து பிடிஎஃப் பண்ணிக்கலாம். ஒரு புல்ஸ்கேப் பக்கம் 300 டிபிஐ கலர்ல கிட்டத்தட்ட 28 எம்பி வரும், எங்க 6000 பக்கமும் சேர்த்து 170 ஜிபி பக்கம் ஆச்சு, ஒரு டிபி ஹார்ட் டிஸ்க்ல தாராளமா அடங்கிடும். கோப்புப் பேர் வெறும் நம்பரா இருக்கட்டும், 03-017-0042ன்னா மூணாவது பெட்டி, பதினேழாவது கட்டு, நாப்பத்திரெண்டாவது பக்கம். தலைப்பைக் கோப்புப் பேர்ல போடாதீங்க, நாளைக்குத் தலைப்பு தப்புன்னு தெரிஞ்சா மாத்திக்கிட்டே இருக்கணும், அது பட்டியல் பாத்துக்கும்.

மூணு பிரதி வேணும், அதுல ரெண்டு வேற வேற வகையா இருக்கணும், ஒண்ணு வேற ஊர்ல இருக்கணும். என்கிட்ட ஒரு ஹார்ட் டிஸ்க், கிளவுட்ல ஒண்ணு, தங்கச்சி வீட்டுல கோயமுத்தூர்ல ஒண்ணு. 2015 சென்னை வெள்ளத்துல எத்தனை வீட்டுல எத்தனை ஆல்பம் போச்சுன்னு பாத்தவங்களுக்கு இதுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்ல.

டைப் அடிச்ச பக்கத்தை கூகுள் டிரைவ்ல போட்டு டாக்குமெண்டா திறந்தா தமிழை ஓரளவு நல்லாவே எழுத்தா மாத்திக் குடுக்குது, பழைய எழுத்துல தடுமாறும். கையெழுத்துக்கு அதை நம்பாதீங்க. 90கள்ல கம்ப்யூட்டர்ல அடிச்ச ஸ்கிரிப்ட் ஃப்ளாப்பியில இருந்தா, அது யூனிகோடுக்கு (இப்ப எல்லாக் கம்ப்யூட்டர்லயும் ஓடுற பொது எழுத்துமுறை) முந்தின ஃபான்ட், திறந்தா எழுத்து கண்டபடி தெரியும், கெட்டுப் போச்சுன்னு அழிச்சுடாதீங்க. எந்த ஃபான்ட்டுன்னு கண்டுபிடிச்சா யூனிகோடா மாத்துற கருவி இணையத்துல இலவசமாவே இருக்கு.

பெட்டியில ஒலிநாடா ஸ்பூல், கேசட், வீடியோ டேப் இருந்தா நீங்களா போட்டுப் பாக்காதீங்க. பழைய மெஷின்ல மாட்டி அறுந்தா அதோட முடிஞ்சது. டேப் மேல எழுதியிருக்கிறதைப் போட்டோ எடுத்துட்டு, செங்குத்தா நிக்க வெச்சு, டேப் மாத்துறதுல அனுபவம் உள்ளவங்ககிட்ட குடுங்க.

ஆளுங்க இருக்கிறப்பவே

இதை இவ்வளவு பின்னாடி எழுதுறேன், ஆனா செய்யும்போது இதையும் முதல் வாரத்துலயே ஆரம்பிச்சுடுங்க. ஸ்கிரிப்டுல "பெண் 2", "கிழவர்", "கூட்டத்தில் ஒருவன்"னு தான் இருக்கும், குரல் யாருதுன்னு சொல்லக்கூடியவங்களுக்கு இப்ப வயசு எண்பது, எண்பத்தஞ்சு. பழைய அறிவிப்பாளர், நடிகர், சவுண்ட் எஃபெக்ட் பண்ணினவர், இன்ஜினியர் யார் இருக்காங்கன்னு விசாரிச்சு நேர்ல போய்ப் பாருங்க. கேள்வி லிஸ்ட் எடுத்துட்டுப் போறதைவிட ஒரு ஸ்கிரிப்டோட பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க, பெரிய எழுத்துல. கையில தாள் இருந்தா ஞாபகம் தானா வரும்.

நான் பாக்கப் போன ஒரு அம்மா, ரேடியோ நாடகத்துல முப்பது வருஷம் நடிச்சவங்க, முதல்ல "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லப்பா"ன்னு தான் ஆரம்பிச்சாங்க. அந்தக் குடை நாடகத்தைக் கையில குடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அமைதியா ரெண்டு பக்கம் புரட்டினாங்க, அப்புறம் மூணாவது பக்கத்துல மருமக வசனத்தைச் சத்தமா வாசிக்க ஆரம்பிச்சாங்க, அதே இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு குரல்ல. போன்ல பதிவு பண்ணினேன், அனுமதி கேட்டுட்டு தான். டேப் இல்லாத நாடகத்துல ஒரு பக்கத்துக்குக் குரல் கிடைச்சிருக்கு. இந்த மாதிரி பதிவுக்கும் பட்டியல்ல ஒரு நம்பர் குடுங்க, எந்த ஸ்கிரிப்டோட சேர்ந்ததுன்னு எழுதுங்க.

உரிமை விஷயம்

தாள் உங்க வீட்டுல இருக்குங்கிறதால எழுத்தும் உங்களுதுன்னு ஆகாது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பாக்குறவங்க அந்த வேலையோட பாகமா எழுதினதுக்கு, வேற ஒப்பந்தம் இல்லைன்னா, முதல் உரிமை வேலை குடுத்தவங்களுக்கு. வெளி எழுத்தாளர் எழுதி அனுப்பின நாடகம், உரைன்னா அவரோட ஒப்பந்தத்தைப் பாக்கணும், பதிப்புரிமை எழுதினவர் காலமாகி 60 வருஷம் வரைக்கும் இருக்கும். தி. ஜானகிராமன், அகிலன் மாதிரி பெரிய எழுத்தாளர்களே வானொலியில வேலை பாத்தவங்க, அதனால உங்க கட்டுலயும் பேர் தெரிஞ்ச ஒருத்தர் கையெழுத்து இருந்தா ஆச்சரியப்படாதீங்க, ஆனா சந்தோஷத்துல உடனே நெட்ல போட்டுடாதீங்க, கடிதத்துக்கும் இதே சட்டம் தான். பட்டியலை வெளியிடுறதுக்குத் தடை இல்ல. ஆராய்ச்சி பண்றவங்களுக்குப் பட்டியல் தெரிஞ்சாலே போதும், தேடி வருவாங்க. முழு ஸ்கிரிப்டை வெளியிடணும்னா உரிமைக்காரங்ககிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க, பெரிய தொகுப்பா இருந்தா ஒரு வக்கீலைக் கேட்டுக்கறது நல்லது.

மூலத் தாளை என்ன பண்றது

ஸ்கேன் முடிஞ்சதும் தாளைத் தூக்கிப் போடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. வீட்டுல வைக்கிறதுன்னா சுவத்தை ஒட்டாம, தரையில இருந்து ஒரு அடி உயரத்துல, சமையலறையும் பாத்ரூமும் பக்கத்துல இல்லாத அறையில. பரண் வேண்டாம், மேல் தளத்துச் சூடும் மழைக்கசிவும் அங்க தான் முதல்ல வரும். உறை போட்டு அட்டைப்பெட்டியில படுக்க வெச்சு, சிலிகா ஜெல் பாக்கெட் போட்டு, மாசம் ஒரு தடவை அதை மாத்துங்க.

உங்களுக்கு அப்புறம் பாத்துக்க ஆள் இல்லைன்னா நூலகத்துக்குக் குடுக்குறது தான் சரி. சென்னை தரமணியில இருக்கிற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழ் அச்சுப் பண்பாட்டைச் சேர்த்து வைக்கிற இடம், அங்க மாதிரி இடங்கள்ல முதல்ல பட்டியலை அனுப்பிக் கேளுங்க, பெட்டியோட போய் நிக்காதீங்க. இலங்கை வானொலியில இருந்தவங்க குடும்பம்னா "நூலகம்"ங்கிற நிறுவனம் இருக்கு, 2005ல இருந்து ஈழத்து ஆவணங்களை எண்ணிம (டிஜிட்டல்) வடிவத்துல சேர்த்துக்கிட்டு வர்றாங்க. எங்க குடுத்தாலும் தொகுப்பைப் பிரிக்காம ஒண்ணா வைக்கணும், கட்டு வரிசை மாறக்கூடாது, பாக்க வர்றவங்களுக்கு எந்த நிபந்தனைல காட்டுவாங்க, வேண்டாம்னு ஒதுக்குறதைத் திருப்பித் தருவாங்களா, இதெல்லாம் எழுத்துல வாங்கிக்கோங்க.

நாங்க இன்னும் குடுக்கல. பெரியம்மா இருக்கிற வரைக்கும் வீட்டுலயே இருக்கட்டும்னு முடிவு. ஒவ்வொரு வருஷமும் மழை முடிஞ்சு தை மாசம் வெயில் வந்ததும் பெட்டியை ஒவ்வொண்ணாத் திறந்து பூச்சி இருக்கான்னு பாப்போம், அதே நாள்ல ஹார்ட் டிஸ்க்கையும் போட்டுப் பத்துப் பதினஞ்சு கோப்பு திறக்குதான்னு பாப்பேன். இந்த வருஷம் பாக்குறப்ப நான் கலைச்ச 11 கட்டுல இருந்த ஒரு குழந்தைகள் நிகழ்ச்சி ஸ்கிரிப்டை பெரியம்மா கையில எடுத்து, "இது ராஜா கதையோட சேர்த்துக் கட்டியிருந்தாரே, சிவப்பு நூல்ல"ன்னாங்க. ராஜா கதை ஆறாவது பெட்டியில இருந்தது. பட்டியல்ல குறிப்புங்கிற பத்தியில ரெண்டுக்கும் நேரா எழுதி வெச்சேன், பெரியம்மா சொன்னதுன்னும் தேதி போட்டு எழுதினேன்.